அரசு இணையதளம் உங்களைப் பற்றி என்ன குறித்துக்கொள்கிறது? நீங்களே சரிபார்க்கும் வழி

வருமானச் சான்று, பட்டா, சாதிச் சான்று என எதற்கும் இப்போது இணையதளம்தான். அங்கே உங்களைப் பற்றிய விவரம் இரண்டு வழிகளில் போகிறது. சும்மா பார்க்கும்போது தானாகப் பதிவாவது ஒன்று. படிவத்தில் நீங்களே எழுதிக் கொடுப்பது மற்றொன்று. முதலாவதைக் கண்டுதான் பலரும் பயப்படுகிறார்கள். எங்கள் வீட்டில் அடிபட்டது இரண்டாவதில்.

படி 1: முகவரியின் வாலைப் பாருங்கள்

இந்திய அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ‘ஜிஓவி.இன்’ அல்லது ‘என்ஐசி.இன்’ என்று முடியும். தமிழக அரசின் இ-சேவை போன்றவை ‘டிஎன்.ஜிஓவி.இன்’ என்று முடியும். தொடக்கத்தில் வரும் ‘//’ஐ விட்டுவிட்டு, அதற்கடுத்த முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் எப்படி முடிகிறது என்பதுதான் கணக்கு. ‘ஜிஓவி.இன்’ நடுவில் வந்து, கடைசியில் ‘.காம்’ இருந்தால் உடனே வெளியேறிவிடுங்கள். பூட்டுக் குறியை நம்பிவிட வேண்டாம்; போலித் தளமும் அதை வைத்துக்கொள்ளலாம். ஐஆர்சிடிசி போல வேறு முகவரியில் இயங்கும் அரசு நிறுவனங்களும் உண்டு, அவை விதிவிலக்கு.

படி 2: பக்கத்தின் அடியில் ‘தனியுரிமைக் கொள்கை’

யாரும் தொடாத இணைப்பு இது. திறந்தால் ஒரே பக்கம்தான். மத்திய அரசுத் தளங்கள் பலவற்றில் ஏறக்குறைய ஒரே வாசகம் இருக்கும்: பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் போன்றவற்றைத் தளம் தானாக எடுப்பதில்லை, ஐபி முகவரி (உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), பிரவுசர் வகை, இயங்குதளம், வந்த தேதி, நேரம், பார்த்த பக்கங்கள் ஆகியவை பதிவாகும். அலுவலக வாசலில் காவலர் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்த வரியை நிதானமாகப் படியுங்கள். இந்த ஐபி முகவரிகளை ஆட்களோடு பொருத்திப் பார்க்க மாட்டோம், தளத்தைச் சேதப்படுத்தும் முயற்சி தெரிந்தால் தவிர, என்று இருக்கும். அதாவது பொருத்திப் பார்க்க வழி உண்டு. பார்ப்பதில்லை என்பது வாக்குறுதி. இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது.

படி 3: குக்கீ

தளம் உங்களை நினைவில் வைத்துக்கொள்ள உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புதான் குக்கீ. பிரவுசரில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொட்டால் தளத் தரவு என்ற பகுதி வரும். அங்கே குக்கீகளைப் பார்க்கலாம், அழிக்கலாம். அழித்தால் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

படி 4: படிவம்

இங்கே அவசரப்படாதீர்கள். தமிழக இ-சேவையில் சான்றிதழ் கேட்க முதலில் ‘கேன்’ எண், அதாவது விண்ணப்பிப்பவருக்கான அடையாள எண், பதிய வேண்டும். பெயர், பிறந்த தேதி, முகவரி, கைபேசி எண் எல்லாம் அதில் ஏறும். என் அம்மாவுக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் பதிந்தபோது, ‘ஓடிபி வர வேண்டுமே’ என்று கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டார். உதவி செய்யும் எண்ணம்தான். ஆனால் ஓராண்டு கழித்து அடுத்த சான்றிதழுக்குப் போனபோது ஓடிபி அவர் கைபேசிக்குப் போயிற்று. எந்தக் கொள்கைப் பக்கமும் இதைத் தடுக்காது. ஆகவே உங்கள் எண்ணையோ பிள்ளைகளின் எண்ணையோ மட்டும் கொடுங்கள். சமர்ப்பிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிப் படியுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாக விடலாம். ஆதார் நகல் கேட்குமிடத்தில், ஏற்றுக்கொள்வார்கள் என்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

‘ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றில் பெறும் வாய்ப்பு உங்களுக்கு இருக்க வேண்டும்; தமிழும் அதில் உண்டு. ஆனால் சான்றிதழ், மானியம், உரிமம் போன்றவற்றுக்காக, சில நிபந்தனைகளுடன், புதிதாக ஒப்புதல் கேட்காமலே அரசு தரவைப் பயன்படுத்த அதே சட்டம் இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள்.

படி 5: எழுந்து வருமுன்

வெளியேறு பொத்தானை அழுத்துங்கள். பிரவுசரை மூடினால் மட்டும் போதாது. பொதுக் கணினி என்றால் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து உங்கள் ஆவணங்களை நீக்குங்கள், பிறகு குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். அச்செடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் படம் கடைக்காரரின் கைபேசியில் அப்படியே கிடக்கும். அதையும் கேட்டு அழிக்கச் சொல்லுங்கள்.