பேஸ் கிற்றார்: பழைய மாதிரியை வாங்குவதா, சொல்லிச் செய்விப்பதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் இசைக்குழுக்களோடு வாசிக்கிற தம்பிமார், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகிறார்கள். ஐம்பது, அறுபதுகளின் அச்சிலேயே கம்பனிகள் இப்போது செய்து விற்கிற ‘ரீஇஷ்யூ’ பேஸை வாங்குவதா, இல்லை அளவு கொடுத்து நமக்கென்றே ஒன்றைச் செய்விப்பதா? இரண்டும் நல்ல வழிதான். ஆனால் வாழ்க்கையின் முதல் நல்ல கிற்றாரையே சொல்லிச் செய்விக்கப் போகிறார்கள் பாருங்கள், அதைத்தான் நான் பெரிய தவறு என்பேன்.

என் மச்சான் ஒருவர் அப்படித்தான் செய்வித்தார். “கழுத்து மெல்லிசாக இருக்கவேணும்” என்று சொல்லியிருக்கிறார். எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மெல்லிசு என்றால் அகலத்திலா, தடிப்பிலா என்றுகூட அவர் யோசித்திருக்கவில்லை. வந்த கிற்றாரில் நட், அதாவது கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் படிகிற சின்னக் கட்டை, 38 மில்லிமீற்றர் அகலம். அவருடைய தடித்த விரல்களுக்கு முதல் மூன்று பிரெற்களில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கம்பிகள் நெருக்கியடித்தன. செய்தவர் மேல் குறை சொல்ல இடமில்லை, கேட்டதைத்தான் செய்து கொடுத்திருந்தார்.

இந்த அளவுகள் கையில் பழகினால்தான் விளங்கும். பெண்டர் (Fender) கம்பனியின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது, ஜாஸ் பேஸ் 1960இல். இரண்டுக்கும் கம்பி நீளம் 34 அங்குலம்தான். ஆனால் அறுபதுகளின் தொடக்கத்துப் பிரிசிஷனில் நட் அகலம் ஏறக்குறைய 44 மில்லிமீற்றர், ஜாஸில் 38. ஆறு மில்லிமீற்றர் என்று கேட்கச் சின்னதாகத் தோன்றும். இரவு ஒன்பதுக்கு மேடை ஏறி ஒரு மணிக்கு இறங்குகிறவனின் இடது மணிக்கட்டைக் கேட்டால் தெரியும். அதனால் ரீஇஷ்யூ ஒன்றை வாங்கியோ இரவல் எடுத்தோ இரண்டு வருடம் வாசியுங்கள். எங்கே நோகிறது, எந்தக் கம்பி மங்கலாகக் கேட்கிறது, தோளில் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பிறகு செய்விக்கப் போகும்போது அந்தக் கொப்பியே உங்கள் ஓடர்.

மச்சானின் கதையில் இன்னொரு பாதி மரம். வீட்டுக் கதவும் கட்டிலும் முதிரையில் தலைமுறை தாண்டி நிற்கின்றனவே, கிற்றார் உடலும் அதிலேயே இருக்கட்டும் என்று கேட்டுவிட்டார். பெண்டர் அதிகம் பாவித்த ஓல்டர் மரத்தைவிட முதிரை ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஓல்டரில் இரண்டு கிலோ வருகிற உடல் முதிரையில் நாலு கிலோ. கழுத்து, சுருதி கூட்டும் சாவிகள், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாம் அதற்கு மேல். கதவுக்கு வேண்டிய குணம் வேறு, தோளில் தொங்குகிற பொருளுக்கு வேண்டிய குணம் வேறு. மொத்த எடை நாலு கிலோவைத் தாண்டக்கூடாது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் செய்பவரே மரத்தைப் பார்த்துத் தெரிவுசெய்வார்.

அடுத்தது நம்முடைய காற்று. இதை வெளியூரில் எழுதப்பட்ட எந்த ஆலோசனையும் உங்களுக்குச் சொல்லாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. மார்கழி மழையில் சுவரே வியர்க்கும். ஆனி ஆடியில் கச்சான் வீசினால் உதடு வெடிக்கும். மரம் இந்த இரண்டுக்கும் நடுவில் வீங்கிச் சுருங்கும், கழுத்து வளையும், கம்பியின் உயரம் மாறும். கழுத்துக்குள் இருக்கிற ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பியை அவ்வப்போது திருகிச் சரிசெய்ய வேண்டும். பழைய அச்சை அப்படியே பின்பற்றும் ரீஇஷ்யூக்களில் அதன் திருகி கழுத்தின் அடிமுனையில் இருக்கும். கம்பிகளைத் தளர்த்தி, நாலு ஸ்குறூவைக் கழற்றி, கழுத்தை வெளியே எடுத்துத்தான் திருக முடியும். கால் சுற்று திருகி, மாட்டிப் பார்த்து, போதாவிட்டால் மறுபடி கழற்ற வேண்டும். வாங்குமுன் இதைப் பார்க்காமல் விடாதீர்கள். தலைப்பக்கம் திருகி வைத்த மாதிரிகளும் உண்டு.

செய்விக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் உண்மையான லாபம் அடையலாம். தலைப்பக்கத் திருகி, கழுத்து வளையாமல் இருக்க உள்ளே இரண்டு கார்பன் கம்பிகள், துருப்பிடிக்காத எஃகுப் பிரெற்கள், நன்றாக உலர்ந்த மரம். உடலின் நிறத்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசிவிட்டு இந்த நாலையும் கேட்க மறந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பழைய முறை நைட்ரோ (நைட்ரோசெலுலோஸ்) பூச்சும் அழகுக்காக விரும்பப்படுவதுதான். மெல்லியது, வியர்வையில் சிலவேளை பிசுபிசுக்கும், இறப்பர் வைத்த ஸ்ராண்டில் சாய்த்து வைத்தால் தடம் விழும். ‘பழசு போல’ வேண்டுமென்றே சுரண்டி விற்கிறவை அதைவிட மோசம், ஈரம் நேராக மரத்துக்குள் போகும். கல்லடிப் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் பொலியூரித்தேன் பூச்சையே எடுங்கள்.

வருடத்தைப் பார்த்து மயங்குவதும் உண்டு. 1951 அச்சுப் பிரிசிஷனில் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள், ஒரே சுருள்தான். கோயில் திருவிழா மேடையில் ஜெனரேற்றரும் ரியூப் லைற்றும் பக்கத்தில் இருந்தால் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல் அப்படியே ஸ்பீக்கருக்கு வரும். 1957இல் வந்த இரண்டாகப் பிரிந்த பிக்கப் அந்த உறுமலை அடக்கிவிடும். ஜாஸ் பேஸில் இரண்டு வொலியூமும் ஒரே அளவில் திறந்திருந்தால் சத்தமில்லை, ஒன்றைக் குறைத்தால் உறுமும். தேவாலயத்தில் அமைதியான பாட்டு வாசிக்கிறவருக்கும், பறங்கியர் கல்யாண வீட்டில் கப்றிஞ்ஞா வாசிக்கிறவருக்கும் இது ஒரே அளவு முக்கியமில்லை. என் தெரிவு 57க்குப் பிந்திய பிரிசிஷன் அச்சு.

திரும்ப விற்கும் எண்ணம் இருந்தால் ரீஇஷ்யூதான். உங்கள் விரலுக்கு வெட்டியதை வேறு ஆள் நல்ல விலைக்குக் கேட்க மாட்டார்.

கடைசியாக ஐந்து கம்பி ஆசை. செய்விக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் இதற்காகவே போகிறார்கள். தாழ்ந்த பி கம்பியின் சுரம் ஏறக்குறைய 31 ஹேர்ட்ஸ், ஈ கம்பியினது 41. நம் குழுக்கள் வாடகைக்கு எடுக்கிற பல ஸ்பீக்கர்களில் 31இன் அடிச்சத்தம் வெளியே வரவே வராது. ஓடர் கொடுக்குமுன் யாரிடமாவது ஐந்து கம்பி பேஸ் இரவல் வாங்கி, நீங்கள் வழக்கமாக வாசிக்கிற அதே ஸ்பீக்கரில், மேடைக்கு முன்னால் இருபது அடி தள்ளி நின்று இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு நாலு கம்பிப் பேஸில் ஈ கம்பியைத் தளர்த்தி டி சுரத்துக்கு இறக்குவதே இதுவரை போதுமாக இருக்கிறது.