மணிக்கு ஒரு சுற்று: பேக்யார்ட் அல்ட்ராவில் தாக்குப்பிடிப்பது எப்படி

பேக்யார்ட் அல்ட்ரா என்ற நெடுந்தூர ஓட்டத்தில் ஒரு சுற்றின் நீளம் 6.706 கிலோமீட்டர். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு சுற்று, 24 சுற்று போனால் சரியாக 100 மைல். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் பெல் பக்கிளில், லாசரஸ் லேக் என்ற போட்டி அமைப்பாளர் தன் வீட்டையொட்டிய காட்டுப் பாதையில் தொடங்கிவைத்த ஓட்டம் இது. எத்தனை சுற்றில் முடியும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக மிஞ்சுபவர் இன்னொரு சுற்றைத் தனியாக முடித்தால்தான் வெற்றி, மற்ற எல்லோருக்கும், இரண்டாவதாக நின்றவருக்கும்கூட, டிஎன்எஃப்தான், அதாவது ‘ஓட்டத்தை முடிக்கவில்லை’ என்ற பதிவு.

முதலில் வேகத்தை அடக்குங்கள். 40 நிமிடத்தில் வந்து 20 நிமிடம் உட்கார்ந்தால் கால் இறுகிப்போய் எழவே மனசு வராது. 50 முதல் 53 நிமிடம் நல்ல கணக்கு, அதாவது கிலோமீட்டருக்கு ஏழரையிலிருந்து எட்டு நிமிடம். ஏற்றத்தில் முதல் சுற்றிலிருந்தே நடந்துவிடுங்கள். எந்த மரத்தடியில் நடையை ஆரம்பிப்பது, எந்தத் திருப்பத்தில் மறுபடி ஓடுவது என்று பகலிலேயே குறித்துவைத்தால், ராத்திரி மூளை மந்தமாகும்போது யோசிக்க வேண்டியிருக்காது.

மிச்சமாகும் அந்த ஏழு முதல் பத்து நிமிடம்தான் உண்மையான போட்டி. பாதையில் யாரும் உங்களுக்கு உதவக்கூடாது, உதவியெல்லாம் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான். அதனால் நாற்காலியைத் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள், வந்ததும் உட்காருங்கள், என்ன வேண்டும் என்பதை வரும் வழியிலேயே முடிவு செய்துவிடுங்கள். உப்பு போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, சூப், வாழைப்பழம் என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம், பசிக்காவிட்டாலும். உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது ஆபத்து.

ஷூவுக்குள் அரிசி அளவு கல் புகுந்தாலும் உடனே எடுங்கள். ஐந்தாவது சுற்றில் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்ட கல் பன்னிரண்டாவது சுற்றில் கொப்புளமாக நிற்கும். சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்கைத் துடைத்து, வாசலின் தடவி, காய்ந்த சாக்ஸ் மாட்ட எவ்வளவு நேரமாகிறது என்று வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். பாதம் வீங்கும், அரை சைஸ் பெரிய ஷூ ஒன்றும் பையில் இருக்கட்டும்.

அடுத்த சுற்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மூன்று விசில், அப்புறம் இரண்டு, ஒன்று. மணி அடிக்கும்போது கோட்டுக்குள் நிற்காவிட்டால் ஆட்டம் முடிந்தது.

கூட ஓடுபவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். 2025-இல் ஆஸ்திரேலியாவின் டெட் கௌ கல்லி பேக்யார்ட் போட்டியில் ஃபில் கோர் 119 சுற்று, கிட்டத்தட்ட 798 கிலோமீட்டர், போனாரே, 118 வரை சாம் ஹார்வி கூடவே வந்ததால்தான் அது முடிந்தது. எனக்கு இந்த ஓட்டத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி விலகும் முடிவை எடுக்கவே கூடாது. எழுந்து கோட்டுக்குப் போங்கள், ஓட முடியாவிட்டால் நடந்தபடி பாருங்கள். ஆனால் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ பேச்சு குழறினாலோ எத்தனையாவது சுற்றாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.