கணித வகுப்பில் மாணவர்களைப் பேச வைப்பது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட மாணவியிடம் "இந்தப் படியை ஏன் செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "அப்படித்தான் செய்ய வேண்டும்" என்ற பதில் வந்தால், விடை தெரிந்திருக்கிறது, அதை விளக்கச் சொற்கள் இல்லை என்று பொருள். சொற்கள் இல்லாதவர்கள் கையைத் தூக்க மாட்டார்கள். எனவே, மாணவர்களின் ஈடுபாட்டுக்கு ஒரு திட்டம், கலைச்சொற்களுக்கு இன்னொரு திட்டம் என்று தனித்தனியாக வகுக்க வேண்டியதில்லை. மாணவர்கள் கணிதத்தைப் பற்றிப் பேசும் நேரத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே வளரும். உயர்நிலை வகுப்புகளுக்கு இப்போதுதான் பாடம் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களுக்காக, இதைச் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்

ஒரு பாடத்துக்கு ஐந்தாறு சொற்கள் போதும். பாடநூலில் தடித்த எழுத்தில் உள்ள எல்லாவற்றையும் பட்டியலிட்டு நோட்டில் எழுதச் சொல்வது வீண் வேலை. எழுதுகிற கைதான் பழகும், வாய் பழகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? அன்றாடப் பேச்சில் ஒரு பொருளும் கணிதத்தில் வேறு பொருளும் தருகிற சொற்களுக்கு முதலிடம் கொடுங்கள். உறுப்பு, படி, மூலம், சார்பு, முகடு போன்றவை இந்த வகை. முற்றிலும் புதிய சொல்லைக் கேட்டால் மாணவர் "தெரியாது" என்று சொல்லிவிடுவார். இவற்றைக் கேட்டால் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். அடுத்து, ஒன்றோடொன்று குழம்பும் இணைகள்: காரணியும் மடங்கும், சர்வசமமும் வடிவொத்தமையும், கோவையும் சமன்பாடும். இவற்றை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

படி 2: வரையறையைக் கடைசியில் சொல்லுங்கள்

இந்தப் படியில் அவசரப்படவே வேண்டாம். முழு முறையிலும் அதிகப் பலன் தருவது இதுதான்.

விகிதமுறு எண்ணை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் 3/4, −5, 0.25 என்று எழுதுங்கள். வலப்பக்கம் √2, √7. எந்த விளக்கமும் சொல்லாமல், "√9 எந்தப் பக்கம் வரும்?" என்று மட்டும் கேளுங்கள். வர்க்கமூலக் குறியைப் பார்த்துப் பலர் வலப்பக்கத்தைக் காட்டுவார்கள். யாராவது ஒருவர் "அது 3 தானே" என்பார். வகுப்பு அங்கேயே விழித்துக்கொள்ளும். அடுத்து 0.333… என்று முடிவில்லாமல் போகும் எண். முடியாததால் வலப்பக்கமா, 1/3 என்பதால் இடப்பக்கமா? விவாதிக்கட்டும். பிறகு 22/7. இதைப் பை என்றே பல மாணவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். 22/7-இன் மதிப்பு 3.142857… என்று ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். பையின் மதிப்பு 3.14159… என்று எந்தச் சுழற்சியும் இல்லாமல் நீளும். முதல் இரண்டு தசம இடங்கள் மட்டுமே பொருந்துகின்றன என்பதை அவர்களே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும். 22/7 இடப்பக்கம் போகும், பை வலப்பக்கம் போகும்.

இப்போது வரையறையை மாணவர்களிடமே கேளுங்கள். "பின்னமாக எழுத முடிகிற எண்" என்று தொடங்குவார்கள். "√2/3 கூடப் பின்ன வடிவில்தானே இருக்கிறது?" என்று கேளுங்கள். "மேலேயும் கீழேயும் முழுக்கள் இருக்க வேண்டும்" என்று திருத்துவார்கள். "அப்படியானால் 5/0?" என்று மறுபடி கேளுங்கள். "கீழே பூச்சியம் வரக்கூடாது" என்று சேர்ப்பார்கள். தொகுதி, பகுதி என்ற சொற்களை இந்த இடத்தில் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். தேவை ஏற்பட்ட நேரத்தில் கிடைத்த சொல் மறக்காது. பாடநூலில் உள்ள வரையறையை அவர்களே கட்டி முடித்திருப்பார்கள்.

இதை நோட்டில் பதிய நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை நன்றாக உதவும்: வரையறை, பண்புகள், எடுத்துக்காட்டுகள், எடுத்துக்காட்டு அல்லாதவை. 1969-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரதி ஃபிரேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய அமைப்பு இது. ஃபிரேயர் மாதிரி என்று இதற்குப் பெயர். நான்காவது கட்டத்தை வெறுமையாக விட அனுமதிக்காதீர்கள். ஒரு கருத்தின் எல்லை அங்கேதான் தெரியும்.

படி 3: கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

1970-களில் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. தாமாகப் பதில் சொல்ல முன்வருவோரும் கூடினார்கள். கணித வகுப்புக்கும் இது பொருந்தும். அந்த மௌனம் ஆசிரியருக்குத்தான் சங்கடமாக இருக்கும். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பழகிவிடும்.

அதன்பின் இருவர் இருவராகப் பேச விடுங்கள். ஒரு நிமிடம் தனியாக யோசிப்பது, இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது, பிறகு வகுப்புக்குச் சொல்வது. ஃபிராங்க் லைமன் 1981-இல் முன்வைத்த இந்த முறைக்குத் தயாரிப்பு எதுவும் தேவையில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வகுப்புக்குச் சொல்லும்போது தன் கருத்தை அல்ல, பக்கத்தில் இருப்பவர் சொன்னதைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் காது கொடுத்துக் கேட்பார்கள். கூச்சப்படும் மாணவருக்கும் இது எளிது; தவறாக இருந்தால் முழுப் பொறுப்பும் தன் தலையில் விழாது.

படி 4: வாக்கியத்தின் தொடக்கத்தைக் கொடுங்கள்

சொல் தெரிந்தாலும் அதை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் பலர் நிற்பார்கள். பலகையின் ஓரத்தில் இரண்டு மூன்று தொடக்கங்களை எழுதி வையுங்கள்:

- "இது ஒரு … ஆகும், ஏனெனில் …"
- "நான் இதை ஏற்கவில்லை; எடுத்துக்காட்டாக …"
- "இரண்டுக்கும் பொதுவானது …, வேறுபாடு …"

இவற்றைப் பயன்படுத்த ஒரு நல்ல பயிற்சி "எப்போதும், சில நேரங்களில், ஒருபோதும் இல்லை". ஒரு கூற்றைச் சொல்லுங்கள். மூன்றில் எது என்று அவர்கள் காரணத்தோடு சொல்ல வேண்டும். "இரண்டு விகிதமுறா எண்களைக் கூட்டினால் விகிதமுறா எண்தான் கிடைக்கும்." பலர் "எப்போதும்" என்பார்கள், யாராவது √2-ஐயும் −√2-ஐயும் கூட்டிப் பூச்சியத்தைக் காட்டும்வரை. "விகிதமுறு எண்ணை விகிதமுறா எண்ணால் பெருக்கினால் விகிதமுறா எண்தான் கிடைக்கும்." இங்கேயும் பூச்சியம் வந்து கூற்றை உடைக்கும். எதிர் எடுத்துக்காட்டு தேடும் மாணவருக்குக் கலைச்சொல்லைப் பயன்படுத்தாமல் வழியே இருக்காது.

படி 5: முதுகோடு முதுகாக ஒரு வரைபடம்

வடிவியல் பாடங்களில் இதைத் தவறவிடாதீர்கள். இருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். ஒருவர் கையில் படம். அதை அவர் வாயால் சொல்ல, மற்றவர் வரைய வேண்டும். கையால் சைகை கூடாது. "ஒரு வட்டம் போடு, கீழே ஒரு கோடு போடு" என்று ஆரம்பித்தால் கோடு வட்டத்துக்குள்ளேயும் போகலாம், வெளியேயும் போகலாம். "வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொடும் கோடு" என்று திருத்த வேண்டிவரும். தொடுகோடு என்ற ஒரு சொல் அத்தனை வார்த்தைகளையும் மிச்சப்படுத்துகிறது என்பது அப்போது புரியும். "மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஆரம் வரை, அது தொடுகோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும்" என்று சொல்லும்போது ஒரு தேற்றத்தையே சொல்லிவிடுகிறார்.

படி 6: தளர்வான பேச்சை இறுக்குங்கள், அவமானப்படுத்தாமல்

"7-ஐ அந்தப் பக்கம் தள்ளினேன், கழித்தலாகிவிட்டது" என்று மாணவர் சொல்வார். விடை சரியாக வரலாம். ஆனால் இரு பக்கங்களிலிருந்தும் 7-ஐக் கழித்தோம் என்பது அந்தப் பேச்சில் மறைந்துவிடுகிறது. பெருக்கல் வரும்போது இந்தத் தள்ளுதல் தடுமாறும். "அருமை, அந்தப் பக்கம் போனபோது உண்மையில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். திருத்திச் சொன்ன வாக்கியத்தை அவரையே இன்னொரு முறை முழுதாகச் சொல்ல வையுங்கள்.

சமக்குறிக்கும் இதே கவனம் வேண்டும். 5 + 3 = 8 × 2 = 16 என்று எழுதுபவர்கள் மேல்வகுப்புகளிலும் உண்டு. "5 + 3 என்பது 16-க்குச் சமமா?" என்று வாய்விட்டு வாசிக்கச் சொன்னாலே பிழை தெரிந்துவிடும். 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான வேறு இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணம் சொன்னார். இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

படி 7: கடைசி ஐந்து நிமிடம்

வகுப்பு முடியும் முன் ஒரு துண்டுத்தாளில் இரண்டே வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள்: அன்றைய சொல்லைப் பயன்படுத்தி ஒன்று, இன்னும் புரியாததைச் சொல்லும் ஒன்று. மதிப்பெண் போட வேண்டாம். மறுநாள் பாடத்தை எங்கே தொடங்குவது என்பதை அந்தத் தாள்களே காட்டிவிடும்.

தேர்விலும் இதற்கு இடம் கொடுத்தாக வேண்டும். விடைக்கு மட்டுமே மதிப்பெண் என்றால் பேச்சையும் விளக்கத்தையும் மாணவர்கள் பொழுதுபோக்காகவே எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தேர்விலும் "காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுக" என்று ஒரு கேள்வியாவது கேட்டு, அதற்குத் தனி மதிப்பெண் ஒதுக்குங்கள். புதிய ஆசிரியர் ஏழு படிகளையும் ஒரே வாரத்தில் செய்ய முயல வேண்டாம். இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலில் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.