குளிர்ப் பகுதிகளில் வெப்ப அலைக்கு வரம்பு வகுக்கும் முறை

குளிர்ந்த நாடொன்றில் வெப்ப அலை எச்சரிக்கைக்கு வரம்பு வகுப்பவர், வெப்ப நாடுகளின் அளவுகோலை அப்படியே எடுத்தாளக் கூடாது. குளிரைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட வீடுகள் வெப்பத்தை வெளியே விடாமல் வைத்திருப்பதால், அங்கே 28 டிகிரி செல்சியஸே முதியோரின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

முதலில், அந்தந்த வானிலை நிலையத்தின் முப்பதாண்டுக் கோடைப் பதிவுகளைத் திரட்டி, பகல்நேர உச்ச வெப்பநிலைகளில் மிக உயர்ந்த ஐந்து விழுக்காடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அதுவே தொடக்க வரம்பு. அடுத்து, அது எத்தனை நாள் நீடிக்க வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். பிரிட்டனில் வெப்ப அலை என்று கொள்ள, இடத்துக்கேற்ப 25 முதல் 28 டிகிரி வரையிலான வரம்பு தொடர்ந்து மூன்று நாள் எட்டப்பட வேண்டும். நெதர்லாந்தில் தொடர்ந்து ஐந்து நாளாவது 25 டிகிரியும், அவற்றுள் மூன்று நாளாவது 30 டிகிரியும் எட்டப்பட வேண்டும்.

பகல் அளவு மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. இரவு தணியாவிட்டால் உடலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை; ஆகவே இரவுநேரக் குறைந்தபட்ச வெப்பநிலையையும் சேர்க்க வேண்டும். உடல் பழகாத கோடைத் தொடக்கத்துக்கு வரம்பைச் சற்றுக் குறைப்பது நல்லது.

பிறகு, வகுத்த வரம்பைப் பழைய ஆண்டுகளின் இறப்பு, மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். எச்சரிக்கைக்கு முன்பே இறப்புகள் கூடியிருந்தால் வரம்பு உயரமானது. பாதிப்பே இல்லாத நாள்களிலும் எச்சரிக்கை ஒலித்தால் மக்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். சராசரி வெப்பம் உயர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும், உடல்நலச் சான்றின்றி எச்சரிக்கை வரம்பை உயர்த்தாதீர்கள்.