பங்குனி வெயிலில் கொத்தமல்லி

போன மார்ச் கடைசியில் மொட்டை மாடியில் ஆறு பைகளில் விதைத்தேன். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரைக்கு நாலு பை, மீதி இரண்டிலும் கொத்தமல்லி. மற்றவை ஒரு வாரத்தில் தலைகாட்டின. கொத்தமல்லி மட்டும் இருபது நாளாகியும் எட்டிப் பார்க்கவில்லை. விதை பழசு என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பையில் விரலை விட்டேன். சுரீரென்றது. காலையில் ஊற்றிய தண்ணீர் மேல் மண்ணில் பேருக்குக்கூட இல்லை. வெண்டைக்குச் சூடு பிடிக்கும். கொத்தமல்லி குளிருக்குப் பழகிய பயிர். தப்பு என்னுடையதுதான்.

சரி என்று மறுபடி ஆரம்பித்தேன். பைகளை மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரோரம், செங்கல் மேல் தூக்கி வைத்தேன். காலை வெயில் மட்டும் படும், தளத்தின் சூடும் ஏறாது. மேலே 50 சதவீத நிழல் வலை. தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்தேன் (ஒவ்வொன்றிலும் இரண்டு விதை உண்டு, மாவாக்கிவிடக் கூடாது). ராத்திரி முழுக்க ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் தூவி, தேங்காய் நார்த்தூள் பரப்பினேன். காலையும் மாலையும் பூவாளித் தண்ணீர்.

பதினோராம் நாள் பச்சை தெரிந்தது. வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் ஒரு சாண் வளருமுன்பே கிள்ள ஆரம்பித்தேன். பக்கத்தில், சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இருந்து எடுத்து ஊன்றிய தண்டும் அதே நிழலில் பிடித்துக்கொண்டது.