ஹிரோபோன் கதையைச் சொல்லப் போகிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

போர் முடிந்த ஜப்பானில் தொழிலாளர்கள் ஹிரோபோன் என்ற ஊக்க மாத்திரை சாப்பிட்டதை எழுதவோ வகுப்பில் சொல்லவோ போகிறீர்கள் என்றால், தயவுசெய்து 'போதைக்கு அடிமையானவர்கள்' என்று முதல் வரியை ஆரம்பிக்காதீர்கள். நைட் ஷிப்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதல் வேலையாக ஒரு பழைய ஹிரோபோன் விளம்பரத்தைத் தேடி எடுங்கள். ஹிரோபோன் என்பது மெத்தாம்பெட்டமின் என்ற ஊக்க மருந்து, 1941-இல் டைநிப்பான் என்ற மருந்துக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. விளம்பரத்தில் எதற்கெல்லாம் சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதை நிதானமாகப் படியுங்கள்: உடம்போ மூளையோ அளவுக்கு மீறி உழைக்கும்போது, இரவு வேலையில் தூக்கத்தை விரட்ட, களைப்புக்கு, குடித்த மறுநாள் அவஸ்தைக்கு, பயணக் குமட்டலுக்கு, மனச்சோர்வுக்கு. பெயரே கிரேக்கத்தில் 'உழைப்பை நேசிப்பது' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் 'ஹிரோ' என்றால் ஜப்பானிய மொழியில் களைப்பு, அது 'பொன்' என்று பறந்துவிடும் என்றுதான் சனங்கள் புரிந்துகொண்டார்கள். இந்த ஒரு பட்டியலைக் காட்டினாலே போதும், கேட்பவருக்குப் பாதிக் கதை விளங்கிவிடும்.

அப்புறம் வரிசையைச் சரியாக வையுங்கள். போர்க்காலத்தில் படைவீரர்களுக்கு மட்டுமல்ல, ஆயுதத் தொழிற்சாலைகளில் இரவெல்லாம் நின்றவர்களுக்கும் இது போய்ச் சேர்ந்தது. போர் விமானிகள் இதைச் சாப்பிட்ட கதை கவர்ச்சியானது, அதை ஒரு வரியோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் தொழிலாளி காணாமல் போய்விடுவார். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் ராணுவக் கையிருப்பு வெளிச்சந்தைக்குக் கசிந்தது, மருந்துக் கடையிலும் சாதாரணமாகக் கிடைத்தது. சோற்றுக்கே திண்டாட்டமான வருடங்கள் அவை. இந்த மருந்து தூக்கத்தோடு பசியையும் அடக்கும், இதை மறக்காமல் சொல்லுங்கள்.

எண்களில் கவனம் தேவை. ஊக்க மருந்துத் தடுப்புச் சட்டம் 1951-இல் வந்தது, ஆனால் கைது உச்சத்தைத் தொட்டது 1954-இல்தான், அந்த ஒரே வருடத்தில் 55,000-க்கும் மேல். கள்ளத்தனமாகத் தயாரித்தவர்கள் ஊசி மருந்தாக விற்றார்கள். அந்த எண் கைதானவர்களுடையது, அதைப் பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கையாக எழுதிவிடாதீர்கள்.

'பொன்சூ' என்ற சொல் வரும், ஹிரோபோனுக்கு அடிமையானவரை இளக்காரமாகச் சொல்வது. மேற்கோளாக வந்தால் சரி, உங்கள் வார்த்தையாக வேண்டாம். அக்காலச் செய்தித்தாள்களில் கள்ள உற்பத்திப் பழி பெரும்பாலும் ஜப்பானில் வாழ்ந்த கொரியர்கள் மேல் விழுந்தது. அதை அப்படியே நகலெடுக்காமல், அதே பக்கத்தில் அந்தப் பழைய விளம்பரப் பட்டியலையும் போடுங்கள், முதலில் இதை விற்றது ஒரு மருந்துக் கம்பெனிதான் என்பது தெரியட்டும்.