டைட்டனின் புகைமூட்டத்தை விலக்கித் தரையைப் பார்ப்பது எப்படி? காசினிப் படங்களோடு ஒரு செய்முறை

கொழும்பில் தொலைநோக்கி வாங்கி வைத்திருப்பவர்கள் படும் பாடு தெரிந்ததுதான். மே வந்தால் தென்மேல் பருவமழை. மழை விட்டால் முகில். முகிலும் விலகிய இரவில் காலி வீதியின் வெளிச்சம். அதிர்ஷ்டம் இருந்தால் சனியின் வளையம் தெரியும். அதன் மிகப் பெரிய நிலாவான டைட்டன், தெரிந்தாலும் ஒரு புள்ளிதான்.

அந்தப் புள்ளியின் தரையை, காசினி விண்கலம் எடுத்த படங்களில் இருந்து, வீட்டு மேசையில் இருந்தபடியே வெளிக்கொண்டு வரலாம். ஒரு சாதாரண மடிக்கணினியும், இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளும், கொஞ்சம் டேட்டாவும் போதும். ஏ.எல். பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஒளி உறிஞ்சப்படுவதைப் பற்றிப் புத்தகத்தில் மூன்று பக்கம் வாசிப்பதைவிட இது வடிவாக மனதில் பதியும்.

செய்யத் தொடங்கும் முன்: வடிகட்டிதான் எல்லாம்

டைட்டனில் மெதேன் வாயு இருப்பதை 1944இல் வானியலாளர் கைப்பர் கண்டுபிடித்தார். 1980 நவம்பரில் வொயேஜர் 1 விண்கலம் கிட்டப் போய்ப் படம் எடுத்தது. கிடைத்தது தோலுரிக்காத தோடம்பழம் மாதிரி ஒரு உருண்டை, அவ்வளவுதான். தரை மருந்துக்கும் தெரியவில்லை. காரணம், அங்கே வளிமண்டலம் அத்தனை தடிப்பு. பெரும்பங்கு நைதரசன், சிறுபங்கு மெதேன். தரையில் அமுக்கம் பூமியினதைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. சூரிய ஒளி மேலே மெதேனைச் சிதைக்க, அதிலிருந்து உண்டாகும் சேதனத் துணிக்கைகள் செம்மஞ்சள் புகைமூட்டமாக டைட்டன் முழுவதையும் போர்த்திக்கிடக்கின்றன.

2004இல் சனியை அடைந்த காசினி விண்கலம் இந்தப் பிரச்சினையைத் தெரிந்துகொண்டே போனது. அதன் ஒடுங்கிய கோணக் கமராவில் இரண்டு சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 12 வடிகட்டிகள். வடிகட்டி என்றால் குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி. நமக்கு முக்கியமானவை மூன்று.

எம்டி3 என்பது 889 நானோமீற்றர். மெதேன் பலமாக உறிஞ்சும் அலைநீளம் இது. கீழே இறங்கும் ஒளி திரும்பி வராது. உயரத்தில் உள்ள புகைமூட்டத்தில் பட்டுத் தெறித்தது மட்டும் கமராவுக்கு வரும். எம்டி1, 619 நானோமீற்றர். இதிலும் மெதேன் உறிஞ்சும், ஆனால் கொஞ்சம்தான். சிபி3, 938 நானோமீற்றர். இரண்டு உறிஞ்சல் பட்டைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி. மெதேன் பெரிதாகக் குறுக்கிடாது. அலைநீளம் கூடியபடியால் புகைமூட்டம் சிதறடிப்பதும் குறைவு. ஆகவே ஒளியில் ஒரு பங்கு தரை வரை போய்த் திரும்பிவிடுகிறது.

ஆக, எந்த வடிகட்டியை எடுக்கிறோமோ அந்த உயரத்தைத்தான் பார்க்கிறோம். மீதி எல்லாம் கைவேலை.

படி 1: படங்களைத் தேடி எடுத்தல்

நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்தில் ஓபஸ் என்று ஒரு தேடல் தளம் இருக்கிறது. பதிவு செய்யத் தேவையில்லை, காசும் இல்லை. கருவி என்ற இடத்தில் காசினி ஐஎஸ்எஸ் (அதன் கமராத் தொகுதியின் பெயர்), இலக்கு என்ற இடத்தில் டைட்டன் என்று தெரிவுசெய்யுங்கள். பிறகு ஒடுங்கிய கோணக் கமராவை மட்டும் தெரிவில் வைத்திருங்கள். எம்டி1 வடிகட்டி காசினியின் மற்றக் கமராவான அகலக் கோணக் கமராவில் இல்லை. சூரியன், டைட்டன், விண்கலம் மூன்றுக்கும் இடையிலான கோணம் 40 பாகைக்குள் இருந்தால் நல்லது. பிறை வடிவப் படங்கள் அழகுதான், இந்த வேலைக்கு உதவாது.

வடிகட்டிப் பெயர்கள் சோடியாக வரும், சிஎல்1 கூட்டல் சிபி3 என்பதுபோல. சிஎல் என்றால் அந்தச் சக்கரத்தில் வெறும் கண்ணாடி. இப்படி ஒரு பக்கம் சிஎல் உள்ளதையே எடுங்கள்.

கோப்பின் பெயரில் என் எழுத்துக்குப் பின்னால் பத்து இலக்க எண் இருக்கும். அது விண்கலத்தின் கடிகாரம், செக்கனில். இரண்டு படங்களின் எண்களைக் கழித்தால் இடையில் எத்தனை செக்கன் என்று உடனே தெரிந்துவிடும். வித்தியாசம் சில நூறுக்குள் உள்ள ஒரு சிபி3, ஒரு எம்டி1, ஒரு எம்டி3 பிடியுங்கள். டைட்டன் தன்னைச் சுற்ற கிட்டத்தட்ட 16 நாள் எடுப்பதால் அந்த நேரத்துக்குள் தரை நகர்ந்துவிடாது.

டேட்டா கணக்குப் பார்ப்பவர்கள் முழு அளவு முன்னோட்டப் படத்தை மட்டும் தரவிறக்கலாம். அளவீடு செய்யப்பட்ட மூலக்கோப்பு ஒன்று சுமார் 4 எம்பி வரும். அதை ஜிம்ப் நேரடியாகத் திறக்காது, முதல் தடவைக்குத் தேவையும் இல்லை.

படி 2: ஒரே கோப்பில் அடுக்குதல்

ஜிம்ப்பில் சிபி3 படத்தைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் அஸ் லேயர்ஸ் மூலம் எம்டி1ஐ அதன் மேல் ஏற்றுங்கள். நிறச்சாயல் ஏதும் இருந்தால் இமேஜ், மோட், கிரேஸ்கேல் என்று போய் நீக்கிவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரலாம். ஒரு படம் 1024 படப்புள்ளி, மற்றது 512 என்று இருக்கும். ஒளி போதாதபோது நான்கு படப்புள்ளிகளை ஒன்றாகக் கூட்டி அனுப்புவது காசினியின் வழக்கம். சிறியதை லேயர் மெனுவில் ஸ்கேல் லேயர் கொடுத்து இருமடங்காக்குங்கள்.

இனி மேல் அடுக்கின் ஒப்பேசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 50 ஆக்கி, மூவ் கருவியோடு அம்புக்குறி விசைகளால் தள்ளித் தள்ளிப் பொருத்த வேண்டும். எம்டி1 வட்டம் சற்றுப் பெரிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். குறுகிய அலைநீளத்தில் புகைமூட்டத்தின் விளிம்பு உயரத்தில் தெரியும். ஒரு ஓரத்தை மட்டும் பார்க்காமல், நாலு பக்கமும் சம இடைவெளி வருகிறதா என்று பாருங்கள். அலுப்புப் பிடித்த வேலை. இதில் அவசரப்பட்டால் கடைசிப் படத்தில் வட்டத்தின் ஒருபக்கம் வெள்ளையும் மறுபக்கம் கறுப்புமாக வந்து நிற்கும்.

படி 3: வளிமண்டலத்தைக் கழித்தல்

மேல் அடுக்கின் ஒப்பேசிட்டியைத் திரும்ப 100 ஆக்குங்கள். எம்டி1இல் தரை விவரம் அநேகமாக இல்லை என்பதால் அதைக் கோஸியன் ப்ளர் மூலம் மூன்று நான்கு படப்புள்ளி அளவு மங்கலாக்கலாம், இரைச்சல் குறையும். பிறகு அடுக்கின் மோடை கிரெய்ன் எக்ஸ்ட்ராக்ட் என்று மாற்றுங்கள். கீழ்ப்படத்தில் இருந்து மேல்படத்தைக் கழித்து, விடையை நடுச்சாம்பலில் வைக்கும் மோட் அது.

மாற்றிய கணத்திலேயே மங்கலாக ஏதோ தெரியத் தொடங்கும். முன்னோட்டங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பிரகாசத்தில் இருப்பதால் கழித்தல் சரியாக அமையாது. எம்டி1 அடுக்கில் லெவல்ஸை (கலர்ஸ் மெனுவில் உள்ள, பிரகாசத்தை மாற்றும் பெட்டி) திறந்து நடு முக்கோணத்தை மெல்ல அசையுங்கள். வட்டத்தின் நடுவும் ஓரமும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஓரத்தில் மெல்லிய வளையம் மிஞ்சும், விட்டுவிடுங்கள்.

இப்போது லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள். புதிய அடுக்கில் வட்டத்துக்குள் மட்டும் தெரிவுசெய்து, லெவல்ஸில் கறுப்பு, வெள்ளை முக்கோணங்களை மலைபோன்ற வரைபின் இரு அடிவாரங்களுக்கும் நகர்த்துங்கள். தரை வந்துவிடும்.

ஷார்ப்பனைக் கொஞ்சமாகப் பாவியுங்கள். கூட்டிப்போட்டால் இல்லாத ஆறுகளும் கால்வாய்களும் முளைக்கும்.

படி 4: பார்த்தது என்ன?

வெளிச்சமான அகன்ற திட்டு கிடைத்தால் அது ஷானடு என்ற பிரதேசமாக இருக்கலாம். பக்கத்தில் இருண்ட பரப்பு ஷங்ரி-லா. இருட்டாக இருப்பதெல்லாம் கடல் என்று எண்ணிவிடாதீர்கள். நடுக்கோட்டை அண்டிய இருண்ட பகுதிகள் மணற்குன்றுகள் என்பதை காசினியின் ரேடார்தான் காட்டிக்கொடுத்தது. இந்தக் கமராவில் மலையின் நிழல் விழாது. சிதறிய ஒளியில் தரையின் வெளுப்பும் கறுப்பும் மட்டுமே பதியும்.

உண்மையான கடல் வேண்டும் என்றால் திகதியைப் பாருங்கள். காசினி போய்ச் சேர்ந்தபோது டைட்டனின் வடதுருவத்தில் குளிர்கால இருட்டு. 2009 ஓகஸ்டில்தான் சூரியன் நடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வந்தது. ஆகவே 2013 தொடக்கம் 2017 செப்டெம்பரில் பயணம் முடியும் வரையான படங்களில் வடக்கைத் தேடுங்கள். கிராக்கன் மாரே என்ற திரவ மெதேன் கடல் இலங்கையைப்போல் ஆறு மடங்குக்குக் குறையாத பரப்பு. படத்தில் வடக்கு மேலே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, விண்கலம் திரும்பியிருந்த பக்கம்தான் மேல்.

படி 5: எம்டி3ஐ மறக்க வேண்டாம்

தரவிறக்கிய எம்டி3 படத்தைத் தனியாகத் திறந்து, லெவல்ஸை மட்டும் சரிசெய்து, நீங்கள் செய்த தரைப்படத்தின் பக்கத்தில் வையுங்கள். சில நிமிட வித்தியாசத்தில் ஒரே கமரா எடுத்தவை. ஒன்றில் உள்ள எதுவும் மற்றதில் இல்லை. எம்டி3இல் வடக்கும் தெற்கும் வேறு வேறு பிரகாசமாக இருந்தால், அது பருவத்தோடு மாறும் புகைமூட்டத்தின் வேலை.

முகநூலில் போடுவதாக இருந்தால் படத்தின் எண், திகதி, வடிகட்டிகள், நீங்கள் செய்த மாற்றம் நான்கையும் கீழே எழுதுங்கள். மூலப்படத்துக்கான உரிமைக்குறிப்பு: நாசா, ஜேபிஎல்-கல்டெக், ஸ்பேஸ் சயன்ஸ் இன்ஸ்ரிரியூட். யாராவது "இது உண்மையான நிறமா?" என்று கேட்டால், 938 நானோமீற்றரை மனிதக் கண் பார்க்காது என்று சொல்லிவிடுங்கள்.